பூமாலை தொடுத்தவன் எங்கே போனான்?

உங்கள் வீட்டில் இந்தச் சண்டை நடந்துவிட்டதா, இல்லையா? நடக்கவில்லை என்றால் உங்கள் வீட்டில் ஒன்று ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் யாரும் இல்லை, அல்லது படம் பார்த்தவர்கள் யாரும் இல்லை. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டால் சண்டைக்குக் கேட்கவா வேண்டும்!

மணிரத்னம் எடுத்த முதல் படம் 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி வந்தது. இரண்டாவது படம் 2023 ஏப்ரல் 28-ஆம் தேதி வந்தது. மலேசியத் திரையரங்குகளிலும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நம் குடும்பங்களில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. “புத்தகத்தைக் கெடுத்துவிட்டார்கள்” என்பது ஒரு கட்சி. “இவ்வளவு எடுத்ததே பெரிது” என்பது மற்றொன்று.

இரண்டாம் படம் வந்த அந்த வருஷம் பத்து பாகாட்டில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் நாள் இரவு. மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பாட்டி, யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். ஆனால் ‘பொன்னியின் செல்வன்’ முழுதும் அவருக்குக் காதால் தெரியும். லயத்தில் அண்ணன் உரக்க வாசிப்பாராம். வேலை முடிந்து வந்த பெரியவர்களும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம்.

பாட்டி திடீரென்று பேரனைப் பார்த்துக் கேட்டார். “ஏன்டா தம்பி, கடைசியிலே மகுடத்தை அந்தப் பூக்காரப் பிள்ளைக்குத்தானே வெச்சாங்க? படத்திலே வேற யாருக்கோ வெச்சிட்டாங்களே!”

“மதுராந்தகனுக்கு வெச்சாங்க பாட்டி. சரித்திரத்திலேயும் அப்படித்தான் இருக்கு.”

“மதுராந்தகன் யாருடா? அதைத்தானே நான் கேக்கிறேன்!”

பேரனுக்குப் புரியவில்லை. வட்டத்தில் இருந்த பாதிப் பேருக்கும் புரியவில்லை. மீதிப் பாதிப் பேர் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அன்று இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் வெங்காயம் உரித்து முடிந்தது.

யார் அந்தப் பூக்காரப் பிள்ளை?

இனிமேல் கதையின் முடிச்சை அவிழ்க்கப் போகிறேன். புத்தகத்தை இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குத் தாவிவிடுங்கள்.

தஞ்சையில் ஓர் எளிய வீடு. பக்கத்தில் ஒரு பூந்தோட்டம். வாய் பேசாத, காது கேளாத ஒரு தாய். பெயர் வாணி அம்மை. அவள் வளர்க்கும் மகன் சேந்தன் அமுதன். பூப்பறித்து, மாலை தொடுத்துத் தளிக்குளத்தார் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் தேவாரம் பாடுவதும்தான் அவன் வாழ்க்கை. வாள் பிடிக்கத் தெரியாது. ராஜ்ய விவகாரத்தில் ஆசை கிடையாது. அவனுக்கு ஒரே ஓர் ஆசை உண்டு. கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள், படகு ஓட்டும் பூங்குழலி. அவளோ இவனைத் திரும்பிப் பார்ப்பதாக இல்லை.

இந்த அமுதன்தான் சோழ அரச குலத்துப் பிள்ளை. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உண்மையான மகன்! பிறந்தபோது அழவில்லை. இறந்துவிட்டது என்று எண்ணிப் புதைப்பதற்காக அந்த ஊமைப் பெண்ணிடம் குழந்தையைக் கொடுத்தனுப்பினார்கள். வழியில் உயிர் இருப்பது தெரிந்தது. அவளே எடுத்து வளர்த்துவிட்டாள். அரண்மனையில் ‘மதுராந்தகன்’ என்ற பெயரில் பட்டு மெத்தையில் வளர்ந்தவன் வேறொருத்தியின் பிள்ளை. மகுடத்துக்காகத் துடித்தவன் அவன். சிற்றரசர்கள் சதி செய்ததும் அவனுக்காகத்தான்.

கதையின் கடைசியில் அருள்மொழிவர்மனுக்குப் பட்டாபிஷேகம் நடக்கப் போகிறது. நாடே திரண்டு நிற்கிறது. அந்த வேளையில் அவன் மகுடத்தை எடுத்து அமுதனின் தலையில் வைத்துவிடுகிறான். பூமாலை தொடுத்த கை செங்கோலைப் பிடிக்கிறது. அரண்மனையே வேண்டாம், உன்னோடு கடற்கரைக் குடிசை போதும் என்று முடிவு செய்து அவனை ஏற்றுக்கொண்ட படகுக்காரப் பெண் பூங்குழலி, சோழ நாட்டின் மகாராணி ஆகிறாள்.

திரைப்படத்தில் அமுதன் உண்டு. அசுவின் காக்குமானு நடித்திருக்கிறார். பூங்குழலியும் உண்டு, ஐசுவர்யா லட்சுமி நடித்திருக்கிறார். ஆனால் அவன் யார் என்ற ரகசியம் இல்லை. மகுடம், நடிகர் ரகுமான் நடித்த மதுராந்தகனுக்கே போகிறது. பூங்குழலி படகு ஓட்டுகிறாள், பாடுகிறாள், அவ்வளவோடு சரி. வந்தியத்தேவனுக்காக உயிரையே கொடுக்கத் துணிந்த மணிமேகலை என்ற பெண்ணோ படத்தில் தலைகாட்டவே இல்லை.

பேரனுக்கும் பேசத் தெரியும்

படக் கட்சியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது, நேயர்களே. அந்தப் பேரன் சொன்னதில் உண்மை இருக்கிறது.

உத்தம சோழன் சரித்திரத்தில் இருந்த அரசன். கண்டராதித்தர், செம்பியன் மாதேவி தம்பதியின் மகன். இராஜராஜன் கி.பி. 985-இல் அரியணை ஏறுவதற்கு முன் ஆண்டவன். அவன் பூக்காரனாக வளர்ந்தான் என்பதற்கு எந்தக் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. அது முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. அப்படியானால் மணிரத்னம் கற்பனையை எடுத்துவிட்டுச் சரித்திரத்தை வைத்துக்கொண்டார் என்றுதானே சொல்ல வேண்டும்?

அப்படித்தான் நானும் முதலில் நினைத்துப் பார்த்தேன். ஆனால் கல்கி ஏன் இந்தக் கற்பனையைச் செய்தார் என்று பாருங்கள். திருவாலங்காட்டுச் செப்பேட்டில் ஒரு செய்தி இருக்கிறது. குடிமக்கள் அருள்மொழியை அரசனாகும்படி கேட்டார்களாம். தன் சிறிய தகப்பனுக்கு நாட்டின்மேல் ஆசை இருப்பதை அறிந்து, அந்த ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் மறுத்துவிட்டானாம். ஆக, மகுடத்துக்கு ஆசைப்பட்டவன் உத்தம சோழன். ஆதித்த கரிகாலன் கொலையுண்டதற்கும் அவன்மேல் சந்தேகப்பட்ட சரித்திர ஆசிரியர்கள் உண்டு. நீலகண்ட சாஸ்திரியார் அவர்களில் ஒருவர். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு கொலைகாரர்களாக ரவிதாசன் முதலியவர்களின் பெயரைச் சொல்கிறது. யார் தூண்டினார்கள் என்று சொல்லவில்லை.

அண்ணனைக் கொல்லச் செய்தவனாக இருந்தால், அவன் பெயரை இராஜராஜன் ஏன் தன் சொந்த மகனுக்கு வைக்கிறான்? இராஜேந்திரனின் இயற்பெயர் மதுராந்தகன்தானே! மகுடத்துக்கு ஆசைப்பட்டவனும் அவனே, மரியாதைக்கு உரியவனும் அவனே என்றால் எப்படிப் பொருந்தும்? கல்கி ஒரே அடியில் தீர்த்துவிட்டார்: மதுராந்தகன் ஒருவன் அல்ல, இருவர். ஆசைப்பட்டவன் ஒருவன், ஆண்டவன் மற்றொருவன். கெட்டிக்காரத்தனமான விடை அல்லவா? அதைப் படம் எடுத்துவிட்டபோது விடையும் போயிற்று, புதிரும் போயிற்று.

அதைவிடப் பெரிதாக ஒன்று போயிற்று என்பது என் எண்ணம். கல்கியின் ஐந்தாம் பாகத்துக்குப் பெயர் ‘தியாக சிகரம்’. மகுடத்துக்கு ஆசைப்பட்டுச் சதி செய்தவனிடமே அதைக் கொடுப்பது ஒருவகைத் தியாகம். சண்டையைத் தவிர்க்கும் ராஜதந்திரம் என்றும் அதைச் சொல்லலாம். கேட்காதவனுக்கு, கோயிலுக்குப் பூச்சுமந்தவனுக்கு, ‘இது உன்னுடையது’ என்று எடுத்துக் கொடுப்பது வேறு. லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து அந்த இடத்தைக் கேட்டவர்களுக்கு ஏன் கண்ணில் நீர் வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதிகாலை இருட்டில் பிரட்டுக்கு ஓடியவர்கள் அவர்கள். அவர்கள் பெயர் கிராணியின் செக்ரோலில் மட்டும் இருந்தது. அந்த மக்கள் வந்தியத்தேவனின் குதிரையைவிட அமுதனின் பூக்கூடையை ஞாபகம் வைத்திருந்ததில் ஆச்சரியம் என்ன? பாட்டி கேட்ட கேள்வி அங்கிருந்து வந்தது. அவர் புத்தகப் பக்கத்தை எண்ணிக் குறை சொல்லவில்லை. தமக்குத் தெரிந்த பிள்ளையைக் காணோமே என்று தேடினார்.

இந்த அருள்மொழியின் மகன் இராஜேந்திரன் கி.பி. 1025-ஐ ஒட்டிக் கடற்படை அனுப்பி வென்ற கடாரம் நம்முடைய கெடாவே என்பது பெரும்பாலோர் கருத்து. அங்கே மெர்போக் பக்கம், பூஜாங் பள்ளத்தாக்கில், தோண்டி எடுத்துச் சீரமைத்த பழங்கோயில்களில் பேர்போனது ஒன்று இருக்கிறது. அது இருக்கும் குன்றின் பெயர் புக்கிட் பத்து பாகாட்! உளியால் செதுக்கிய கல் என்பதே இரண்டு ஊர்ப் பெயருக்கும் பொருள். நம் ஜொகூர் பத்து பாகாட்டில், மின்யாக் பெக்குவில், சயாம் படையினர் பாறையில் செதுக்கியதாகச் சொல்லும் கிணறு இருக்கிறது. அங்கே கோயில், இங்கே கிணறு. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சோழர் கதையைச் சொல்ல இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தரை மணி நேரமும் மூன்றரை வருஷமும்

இப்போது படம் எடுத்தவரின் கஷ்டத்தையும் கேளுங்கள். கல்கி இந்தக் கதையைத் தமது ‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை எழுதினார். மூன்றரை வருஷம்! மொத்தம் 293 அத்தியாயங்கள். ஐந்தாம் பாகம் மட்டுமே 91. வாரா வாரம் ஒரு திருப்பம், ஒரு முடிச்சு, மணியம் வரைந்த படம். அடுத்த இதழ் வரும்வரை வாசகர் தூங்கக் கூடாது. தமிழ்நாட்டு வார இதழ்கள் அந்தக் காலத்தில் நமக்குக் கப்பலில் வந்தன. ‘ரஜூலா’ கப்பலை ஞாபகம் உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே அடுத்த முடிச்சு விழுந்த பிறகுதான் இங்கே முந்தைய முடிச்சு கைக்கு வரும். ஒரே இதழ் எத்தனை வீடு மாறுமோ!

இரண்டு படங்களும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். கூட்டிக் கழித்துப் பாருங்கள், ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதல். யாரையாவது வெளியே தள்ளாமல் எப்படி எடுப்பது? இந்தக் கணக்கைப் பார்த்துப் பலர் பின்வாங்கியிருக்கிறார்கள். எம்.ஜி.ஆர். 1958-இல் உரிமை வாங்கினார். விபத்தில் அடிபட்டுப் படுத்தார், படம் நின்றது. ‘உதிரிப்பூக்கள்’ எடுத்த மகேந்திரன் இளைஞராக இருந்தபோது அவருக்காகத் திரைக்கதை எழுதியவர். பிறகு கமல்ஹாசன் முயன்றார். மணிரத்னத்தோடு பேசினார், ரா.கி. ரங்கராஜனோடு சேர்ந்து 40 பாகத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கவும் யோசித்தார். அதுவும் நடக்கவில்லை. இணையத் தொடராக எடுக்கப் போவதாக 2019-இல் சௌந்தர்யா ரஜினிகாந்த் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது, தொடர் வரவில்லை. சென்னையில் மேஜிக் லாண்டர்ன் குழுவினர் மட்டும் 1999-இல் மேடை நாடகமாக நடத்திக் காட்டினார்கள்.

‘வாரத் தொடராக எழுதிய கதையை வாரத் தொடராகவே எடுத்திருக்கலாமே, தொலைக்காட்சியில் போட்டிருந்தால் ஒருவரையும் தள்ள வேண்டாமே’ என்று அன்றிரவு வெங்காயக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சரியான பேச்சு. ஆனால் தொலைக்காட்சியும் தள்ளத்தான் தள்ளுகிறது. அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்று ஓர் எழுத்தாளர். அரியணைக்காக அடித்துக்கொள்ளும் குடும்பங்கள், பறக்கும் நெருப்பு நாகங்கள் என்று ஒரு பெரிய கற்பனைக் கதையை எழுதிவந்தார். முதல் நூல் 1996-இல் வந்தது, ஐந்தாவது 2011-இல். அதே 2011-இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடர் ஆரம்பித்தது. ஆறாம் நூல் வரும் வரும் என்று வாசகர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்க, தொடர் அவரை முந்திக்கொண்டு ஓடிவிட்டது! எழுத்தாளர் வாய்மொழியாகச் சொன்ன சில குறிப்புகளை வைத்துக்கொண்டு 2019-இல் முடித்தும்விட்டார்கள். முடிவு பிடிக்காமல், கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். நம் சண்டை எவ்வளவோ தேவலை.

இன்னும் ஒன்று. அதே எழுத்தாளரின் வேறொரு நூலை ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ என்று 2022 முதல் தொடராக எடுத்தார்கள். அதில் மேலோர் என்ற சின்னஞ்சிறு இளவரசனை விட்டுவிட்டார்கள். 2024 செப்டம்பரில் மார்ட்டின் வெளிப்படையாகவே வருத்தப்பட்டு எழுதினார். இந்தக் குழந்தை சின்னப் பாத்திரம்தான், ஆனால் இவனை எடுத்தால் பின்னால் வரும் எத்தனையோ சம்பவங்கள் நிற்க இடமில்லாமல் போய்விடும் என்பது அவர் வாதம். பாட்டி பத்து பாகாட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே அவருக்கு ஒரு வருஷம் முந்தியே இதைச் சொல்லிவிட்டார் என்று அந்த அமெரிக்கருக்கு யார் போய்ச் சொல்வது!

முடிந்ததா, முடியவில்லையா?

மார்ட்டினின் கதை முடியவில்லை. கல்கியின் கதை முடிந்ததா? புத்தகத்தில் ‘முற்றும்’ போட்டாகிவிட்டது. ஆனால் அப்போதே வாசகர்கள் விடவில்லை. இன்னாருக்குக் கல்யாணம் ஆனதா, இன்னார் என்ன ஆனார் என்று கேட்டு எழுதினார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னார். கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் கடைசிவரை பளிச்சென்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதே நல்லது என்பேன். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் இராஜராஜன் காலத்தை ‘உடையார்’ என்று எழுதினார். இராஜேந்திரன் காலத்தை அகிலன் ‘வேங்கையின் மைந்தன்’ என்று எழுதினார். 1963-க்கான சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். அதே அகிலன்தான் பிறகு நம் மலேசிய ரப்பர்த் தோட்டத்து மக்களை வைத்துப் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதியவர். சோழ அரண்மனையிலிருந்து நேராக நம் லயத்துக்கு வந்துவிட்டார் பாருங்கள்.

கல்கியிடம் உண்மையாகவே முடியாமல் நின்ற கதை ஒன்றும் உண்டு. அதன் பெயர் ‘அமர தாரா’. ‘பொன்னியின் செல்வன்’ முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. 1954 டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி காலமாகிவிட்டார். ‘அமர தாரா’ அப்போது தொடராக வந்துகொண்டிருந்தது. அவர் மகள் ஆனந்தி, தந்தை வைத்துவிட்டுப் போன குறிப்புகளைக் கொண்டு எழுதி முடித்தார். தகப்பன் மனத்தில் இருந்ததை மகள் ஊகித்து எழுதுவது எத்தனை பாரமான வேலை! அந்த மகளை நினைத்தால் திரைப்படக்காரர்களிடமும் கொஞ்சம் இரக்கம் வருகிறது. மார்ட்டினின் தொடரை முடித்தவர்களுக்கும் எழுதியவரின் குறிப்பு கிடைத்ததே, அவர்களை மட்டும் ஏன் திட்டினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மகள் என்பதால் நாம் மன்னித்துவிடுகிறோமோ என்னவோ!

படத்துக்கு நான் ஒரு நன்றி சொல்ல வேண்டும். படம் வந்த பிறகு எத்தனையோ இளைஞர்கள் முதன்முதலாக அந்த ஐந்து பாகங்களைத் தேடிப்போனார்கள். “அருள்மொழி என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது, படத்தில் ஏன் அருண்மொழி என்கிறார்கள்?” என்று ஒரு பையன் என்னையே கேட்டான். அருள், மொழி இரண்டும் சேரும்போது ‘ள்’ என்பது ‘ண்’ ஆகும் என்று தமிழ்ப்பள்ளியில் படித்த அவன் அக்காள் பதில் சொன்னாள். ஒரு திரைப்படத்தால் வீட்டில் புணர்ச்சி இலக்கணம் பேசப்பட்டது!

ஆனால் படத்தோடு நிறுத்திக்கொண்ட பிள்ளைகளே அதிகம். நம் தோட்டங்களில் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் காலியாகிக் குடும்பங்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்கும் தாமான்களுக்கும் போய்விட்டன. உரக்க வாசிக்க அண்ணன் இல்லை. சுற்றி உட்கார ஆள் இல்லை. தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அமுதன் என்பவன் படத்தில் ஓரமாக வந்துபோன ஒரு பையன், அவ்வளவுதான். பாட்டிமார் போன பிறகு “அந்தப் பூக்காரப் பிள்ளை எங்கே?” என்று கேட்கவும் ஆள் இருக்காது.

கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1999-இல், அவருடைய நூற்றாண்டு வேளையில், நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அதனால் பல பதிப்பகங்கள் மலிவாக அச்சிடுகின்றன. இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். கைப்பேசியில் பிறர் வாசிக்கக் கேட்கலாம். நாளைக்கு யாராவது துணிந்து தொலைக்காட்சித் தொடராகவும் எடுக்கலாம். அப்படி எடுத்தால் முதலில் யாரைச் சேர்க்கச் சொல்வீர்கள், அமுதனையா மணிமேகலையையா என்று வீட்டில் ஓட்டு எடுத்துப் பாருங்கள்.

வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. படம் போர்க்களத்தில் ஆரம்பிக்கிறது. புத்தகமோ ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், வந்தியத்தேவன் குதிரைமேல் வர ஆரம்பிக்கிறது. அமுதனை முதல் பாகத்திலேயே, வந்தியத்தேவன் தஞ்சைக்கு வந்து சேர்ந்ததும் பார்த்துவிடலாம். அவன் யார் என்பதற்கு ஐந்தாம் பாகம்வரை காத்திருக்க வேண்டும். ஐந்தாம் பாகத்தை மட்டும் அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகள் முதலில் அதைத்தான் புரட்டுவார்கள்.